மாங்கொட்டைப் பதம்

சர்க்கரை ஏறிவிட்டது, இனி மாம்பழத்தைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். கொட்டையையாவது தின்னலாமா என்று கேட்டேன். அவர் என் பேரன் வயதுப் பிள்ளை. கிழவி வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்துச் சிரித்தார். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. என் வயதுக்காரர்களே, பாலாற்றங்கரையில் பிறந்து தோல் வாசனையிலேயே வளர்ந்தவர்களே, உங்களுக்கு நான் கேட்டது விளங்கும். மாங்கொட்டை எங்கள் வீட்டில் ஒரு கோடை முழுக்கச் சோறாக இருந்தது, விறகாக இருந்தது. கடைசியில் அது ஒரு பழியாகவும் ஆயிற்று. அந்தக் கோடையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். நான் சொல்வதில் பிசகு இருந்தால் திருத்த அந்தத் தெருவில் இப்போது ஒருவரும் மிச்சமில்லை. அதனால் நீங்கள் என்னை நம்பித்தான் ஆக வேண்டும்.

ஜெர்மன் சண்டை நடந்தவரைக்கும் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு ஓய்வே கிடையாது. சிப்பாய்களுக்குப் பூட்ஸ் வேண்டுமே. சண்டை முடிந்தது என்று சேதி வந்தபோது எங்கள் மிஷன் கோயிலில் எல்லோரும் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னோம். அதற்குப் பிறகு ஷாப்புகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. பூட்ஸ் கேட்க ஆள் இல்லை. எங்கள் தெரு ஆண்கள் காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். சமாதானத்துக்காக ஸ்தோத்திரம் சொன்ன வாய்கள்தான் அவை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஒரு கசப்பான சிரிப்பு வரும்.

அப்பா பட்டைத் தொட்டியில் வேலை செய்தவர். ஆவாரம்பட்டையை ஊறப் போட்ட தண்ணீரில் தோலை முக்கி, புரட்டி, எடுத்து, மறுபடி முக்கும் வேலை. முழங்கை வரைக்கும் அவர் கை பழுப்பாக இருக்கும். சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. தொட்டித் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். நாக்கைச் சுருட்டி இழுத்தால் தண்ணீரில் சத்து இருக்கிறது, இழுக்காவிட்டால் புதுப் பட்டை போட வேண்டும். துவர்ப்புதான் அவருக்குத் தொழில். வேலைவிட்டு வந்து சோற்றில் கை வைக்கும்போதுகூட அவர் நாக்கு பாதி மரத்துத்தான் இருக்கும் என்று அம்மா சொல்லுவாள். குழம்பில் உப்பு இல்லை என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் 'பதம்' என்ற ஒரு சொல் இரண்டு பேருக்கு உழைத்தது. தோல் பதம் வந்துவிட்டதா என்பது அப்பாவின் பேச்சு. களி பதம் வந்துவிட்டதா என்பது அம்மாவின் பேச்சு. என் தம்பி அப்போதுதான் தள்ளாடி நடக்க ஆரம்பித்திருந்தான். அவனுக்கு வந்த நாலைந்து வார்த்தைகளில் அதுவும் ஒன்று. பசித்தால் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "பதோம், பதோம்" என்பான். சோற்றுக்கு அவன் வைத்த பெயர் அது. கேட்கிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். ஷாப்பு மூடியிருந்த நாட்களில் அதைக் கேட்டு அம்மா மட்டும் சிரிக்கமாட்டாள்.

ரயில் பாதை ஓரமாக ஒரு முஸ்லிம் பாய் மாம்பழக் கொட்டகை போட்டிருந்தார். அந்த வருஷம் மா காய்த்துக் கொட்டியது. வண்டி வண்டியாகப் பழம் வரும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பழத்தைப் பிழிந்து சாறு எடுப்பார்கள். சாற்றைப் பாயில் பரப்பிக் காயவைத்து, அதன் மேலேயே மறுபடி ஊற்றிக் காயவைத்து, கனமான தகடாக உரித்து எடுப்பார்கள். தாண்டரா என்பார்கள். தெலுங்குச் சீமைக்குப் போகும். அப்பா ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "இன்னாடி இது, தோலக் காயப் போட்ட மாதிரியே இருக்குது" என்றார். அம்மாவுக்கு அந்தக் கொட்டகையில் வேலை கிடைத்ததால்தான் எங்கள் அடுப்பில் ஒரு வேளையாவது புகை வந்தது.

கொட்டகைக்குப் பின்னால் கொட்டையும் தோலும் மலையாகக் கிடக்கும். முதல் நாள் இனிப்பாக மணக்கும். இரண்டாம் நாள் கள் வாடை. அப்புறம் நாறும். நாற்றத்துக்கு நாங்கள் பயந்தவர்கள் இல்லை, தோல் ஷாப்புக்காரர்கள். ஆனால் ஈ! தாண்டரா காயும் பாயெல்லாம் கருகருவென்று ஈ மொய்க்கும். பாய் தலையில் கை வைத்துக்கொண்டு, "இந்தக் குப்பையால பெரிய பேஜாரா போச்சும்மா" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் புலம்புவார்.

ஒரு நாள் அம்மா அவரிடம் கேட்டாள். நானும் பக்கத்தில் நின்றேன்.

"பாய், இந்தக் கொட்டைங்கள நான் எடுத்துக்கினு போகட்டா?"

"இதையா? இன்னாம்மா பண்ணுவ இத வெச்சிக்கினு?"

"ஆக்கித் தின்னுவோம்."

பாய் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அது புரிந்துவிட்டது. தாது வருஷத்துப் பஞ்சத்தில் சனங்கள் மாங்கொட்டைப் பருப்பைத் தின்று உயிர் பிழைத்த கதையை எல்லா வீட்டிலும் பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். அது பஞ்சத்துச் சாப்பாடு. வாயால் சொல்லவே வெட்கப்படுவார்கள்.

"எடுத்துக்கினு போம்மா," என்றார் கடைசியில். "எல்லாத்தையும் எடுத்துக்கோ. எனக்கு ஈயாவது கம்மியாவும்."

அன்றைக்கு அம்மா தலையில் கூடையோடு தெருவில் நடந்து வந்ததை நான் மறக்கவில்லை. சாறு ஒழுகி அவள் நெற்றியில் வழிந்தது. பார்த்தவர்கள் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கூரைமேல் பரப்பிக் காயவைத்தோம். நார் காய்ந்து வெளுத்ததும் கொட்டையைக் குத்துவாட்டில் நிறுத்தி, விளிம்பில் கல்லால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். வாகாக விழுந்தால் ஓடு இரண்டாகப் பிளக்கும். தவறினால் விரல். என் இடது கட்டைவிரல் நகம் இன்றைக்கும் கோணல்தான். ஓடு அடுப்புக்குப் போகும். நின்று எரியும், கொஞ்சம் மாம்பூ வாசனையோடு. உள்ளே இருக்கும் பருப்பை மேல்தோல் உரித்து, சீவி, பானைத் தண்ணீரில் போட்டுவிடுவாள். தண்ணீர் பழுப்பாக மாறும். வடித்துவிட்டு வேறு தண்ணீர். மறுபடி வடித்து வேறு தண்ணீர். பருப்பை நாக்கில் வைத்துப் பார்ப்பது என் வேலை. முதல் தண்ணீரில் கடித்தால் வாய் முழுக்கக் கட்டிப்போகும். எச்சில் விழுங்கக்கூட முடியாது. கட்டாமல் நாக்கில் கரையும்போது எடுத்துக் காயவைத்து மாவாக்கி, கொஞ்சம் கேழ்வரகு கலந்து களி கிண்டுவாள். சாம்பல் நிறத்தில் இருக்கும். ருசி என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் சாப்பிட்டால் வயிறு நிறைந்தது, ஆமாம், வயிறு நிறைந்தது. தம்பி "பதோம்" என்று வாயைத் திறந்து திறந்து வாங்கித் தின்றான். அவன் கன்னம் அந்தக் கோடையில்தான் கொஞ்சம் உப்பியது.

வேலை இல்லாமல் வெற்றிலைக்கும் வழியில்லாமல் சுவரில் சாய்ந்து கிடந்த அப்பா, ஒரு நாள் வடித்த தண்ணீரில் சும்மா விரலை விட்டு நாக்கில் வைத்தார். எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அடியே! இது நல்ல துவர்ப்புடி. ஆவாரம்பட்ட மாதிரி இழுக்குது. நீ களியா கிண்டற? ஊட்டுக்குள்ளயே ஷாப்பு வெச்சிருக்க!"

"அப்ப எனக்கு மேஸ்திரி வேல குடு," என்றாள் அம்மா.

அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததைப் பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்பா எங்கேயோ போய் மயிர் களைந்த ஆட்டுத் தோல் துண்டு ஒன்றைக் கொண்டு வந்தார். வடித்த முதல் தண்ணீரில் அதை ஊறப் போட்டார். அம்மா வடிக்க வடிக்க, அவர் தோலைப் புதிதாக வடித்த தண்ணீருக்கு மாற்றினார். கையில் வேலை வந்ததும் மனுஷன் முகமே மாறிவிட்டது. வேப்பமரத்தடிக்குப் போகிறதை நிறுத்திவிட்டார். பானைப் பக்கத்திலேயே குந்தியிருந்து, எடுத்துப் பார்ப்பதும் வளைத்துப் பார்ப்பதும் மறுபடி போடுவதுமாக இருந்தார். வெள்ளையாக வழவழத்த துண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பேறிக் கெட்டியாகி, ஒரு நாள் நிஜத் தோலாகவே வெளியே வந்தது.

அதை வாராக அறுத்து, மாட்டுச் சலங்கையிலிருந்து கழன்ற ஒற்றை மணியைக் கோத்து, தம்பியின் காலில் கட்டினார். அம்மா கொட்டை உடைத்துக்கொண்டிருக்கும்போது பையன் எங்கே போகிறான் என்று தெரியட்டும் என்பதற்காக. கிணுங்கென்று ஒரு சத்தம், அப்புறம் தொப்பென்று விழுகிற சத்தம், அப்புறம் மறுபடி கிணுங். அந்தக் கோடைக்கு என் காதில் இருக்கிற சத்தம் அதுதான்.

வார் மட்டும் விறைப்பாக இருந்தது. கணுக்காலில் உரசித் தோல் சிவந்துவிட்டது. அப்பா அவிழ்த்துப் பார்த்தார். "கொட்டத் தண்ணி ஜாஸ்தி புடிச்சிடுச்சி. உள்ள இறுகிப் போச்சி. இதுக்கு எண்ண போட்டாதான் இளகும்" என்றார். தோலைப் பட்டைத் தண்ணீரிலிருந்து எடுத்த பிறகு எண்ணெய் ஏற்றுவது ஷாப்பில் வழக்கமான வேலை. விளக்கெண்ணெயை எடுத்துத் தடவி, உருட்டி, பிசைந்து, வெயிலில் காட்டினார். மறுநாள் வார் துணி மாதிரி மடங்கியது. அதைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "பதம்னா இது பதம்!" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் மன்னிக்கவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

இதற்குள் தெருவில் மற்றப் பெண்களும் கூடையோடு கொட்டகைக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களே வந்து, "எத்தினி தண்ணி மாத்தணும்? எப்ப அரைக்கணும்?" என்று அம்மாவிடம் கேட்டார்கள். அம்மா ஒவ்வொரு வீட்டுப் பானையிலும் கை விட்டு, பருப்பைக் கடித்து, "இன்னொரு தண்ணி ஊத்து" என்று சொல்லிவிட்டு வருவாள். எந்த வீட்டைப் பார்த்தாலும் ஓடு எரிகிற புகை. மாம்பழத் தோல் ஆட்டுக்குப் போயிற்று. கொட்டகைக்குப் பின்னால் மலை கரைந்து தரை தெரிந்தது. பாய் அம்மாவைப் பார்த்து, "நீ வந்த அப்புறம் எனக்கு நிம்மதியா கீதும்மா" என்று சொன்னார். அம்மாவுக்கு அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. நிமிர்ந்து நடந்தாள்.

பிறகு மழை வந்தது. முதல் மழையிலேயே தெருக்கிணறு கலங்கிப் பழுப்பாயிற்று. அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம், வேறு கிணற்றில் எங்களை விடமாட்டார்கள். தெருவில் பல பிள்ளைகளுக்கு வயிறு போக ஆரம்பித்தது. கொட்டைக் களி தின்ற வீடு, தின்னாத வீடு என்று அது பார்க்கவில்லை. கோடி வீட்டில் மாங்கொட்டையைக் கையால் தொடாதவர்கள் இருந்தார்கள். அவர்கள் பெண்ணும் படுத்தாள். இதை நான் கண்ணால் பார்த்தேன். பெரியவர்களும் பார்த்தார்கள். ஆனால் யாரும் அதைச் சேர்த்துவைத்து யோசிக்கவில்லை.

தம்பிக்கும் கண்டது. அம்மா கலங்கவில்லை. அவள் பிறந்த வீட்டில் வயிற்றுப்போக்குக்கு மாங்கொட்டைப் பருப்புத்தான் மருந்து. பருப்பு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, உப்புப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விரலால் நாக்கில் தடவினாள். போக்குக் குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. ஆனால் பையன் வயிறு உப்பிக் கெட்டியாக இருந்தது. காலை வயிற்றோடு மடக்கி மடக்கி முனகினான். மடக்கும்போதெல்லாம் மணி கிணுங்கென்றது.

பக்கத்து வீட்டு அத்தை வந்து அவன் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். கெட்ட எண்ணம் இல்லாதவள். எங்களுக்காக அழக்கூடியவள். ஆனால் வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொன்னது அவள்தான்.

"ஐயோ, வயிறு தோலாட்டம் இறுகிப் போச்சே! கொட்ட உள்ள போயி பதம் போட்டுடுச்சிடி!"

அப்பா பையனின் காலைப் பார்த்தார். அவர் பார்வை அந்த வாரில் போய் நின்றதை நான் பார்த்தேன். மற்ற ஊர்க்காரன் யாருக்கும் இப்படித் தோன்றியிருக்காது. வயிற்றைத் தோலாக நினைக்கத் தோல் ஷாப்புக்காரனுக்குத்தான் வரும். மாங்கொட்டைத் தண்ணீர் ஆட்டுத் தோலை இறுக்கியதைத் தன் கையாலேயே செய்து பார்த்தவர் அவர். அதே தண்ணீர்ச் சத்து பிள்ளை வயிற்றில் கோடை முழுக்க இறங்கியிருக்கிறது. இறுகிய தோலுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

அவர் விளக்கெண்ணெயை எடுத்தார்.

"வேணாம் மாமா," என்றாள் அம்மா. "இப்பதான் நின்னுது. மறுபடி ஓட ஆரம்பிச்சா தாங்கமாட்டான். கண்ணப் பாரு, எப்படிக் குழி விழுந்திருக்குது."

"உள்ள இறுகிக்கினு இருக்குதுடி. இளக்காம வுட்டா செத்துடுவான்."

"கஞ்சி குடுத்தா போதும் மாமா. நான் சொல்றதக் கேளு."

"உன் கஞ்சியாலதான் வந்தது!" அப்பா கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. "எனக்குத் தோலு தெரியும்டி! நீ எனக்குச் சொல்லித் தராத!"

தெருவே வாசலில் நின்றது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் பையனை மடியில் போட்டு, தலையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா உள்ளங்கையைக் குழித்து எண்ணெய் ஊற்றி, அவன் வாயில் விட்டார். அவன் துப்பினான். மறுபடி விட்டார். சாயங்காலம் இன்னொரு தடவை.

வயிறு இளகியது. அவர் சொன்ன மாதிரியே இளகியது. அப்புறம் நிற்கவே இல்லை. அம்மாவின் மடியெல்லாம் நனைந்தது. மறுநாள் மதியம் மழை விட்டு வெயில் அடித்த நேரத்தில் அவன் போய்விட்டான். கடைசியில் காலை மடக்கவில்லை, அதனால் மணியும் கேட்கவில்லை. அம்மா கொஞ்ச நேரம் அவனைத் தூங்குகிறான் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா வாரை அவிழ்த்தார். அதைக் கையில் வைத்து மடக்கிப் பிரித்து, மடக்கிப் பிரித்து உட்கார்ந்திருந்தார். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போதும் அவர் கையில் அது இருந்தது. திரும்பி வரும்போது இல்லை. கூடவே புதைத்தார்களா, ஆற்றில் எறிந்தாரா, தெரியாது. நானும் கேட்கவில்லை. அந்த வீட்டில் கேட்கக் கூடாத விஷயம் அதிலிருந்து ஆரம்பித்தது.

என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம் அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "கொட்ட." அன்றைக்கே தெருவில் எல்லோரும் பானையைக் கவிழ்த்தார்கள். வாய்க்கால் பழுப்பாக ஓடியது. கை நோகச் சேர்த்த மாவைக் குப்பையில் கொட்டினார்கள். கோயிலில் அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்தால் அவள் பக்கத்தில் இடம் காலியாக இருக்கும். ஒருமுறை அம்மா கோடி வீட்டுப் பெண்ணிடம் வெல்லத் துண்டு ஒன்றை நீட்டினாள். அந்தப் பெண் பிழைத்து எழுந்திருந்தாள். அதன் தாய் வந்து பிள்ளையின் கையைத் தட்டிவிட்டாள். அம்மா வெல்லத்தை எடுத்துத் துடைத்து, மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அடுத்த வருஷமும் மா காய்த்தது. ஷாப்பு இன்னும் திறக்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் மறுபடி மலை எழுந்து நாறியது. பாய் ஆளனுப்பிக் கூப்பிட்டுப் பார்த்தார், ஒருவரும் போகவில்லை. வெறும் வயிற்றோடு பிள்ளைகள் படுத்த தெருவுக்கு எதிரிலேயே, வண்டி வண்டியாகச் சோறு போய் ஆற்று மணலில் கொட்டப்பட்டது. பசி தாங்காத ஒருத்தி அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள்: "நல்லா அலசிக் கிண்டினா ஒண்ணும் ஆவாதில்ல?"

"வேணாம்டி," என்றாள் அம்மா. "என் புள்ளயத் தின்ன கொட்ட."

அன்றைக்கு அதை நான் அப்படியே நம்பினேன். பல வருஷம் மாங்கொட்டையைக் கண்டால் ஒதுங்கிப் போவேன்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, வேலூருக்குப் போய் நர்ஸ் ஆனேன். குழந்தைகள் வார்டில் என்னைப் போட்டார்கள். வயிற்றுப்போக்கில் வற்றிப்போன பிள்ளைக்குப் பேதி மருந்து கொடுக்கக் கூடாது, உப்பும் தண்ணீரும் உள்ளே போக வேண்டும் என்று எங்கள் பெரிய நர்ஸம்மா சொன்னபோது என் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன். உப்புப் போட்ட கஞ்சி. அம்மா விரலால் தடவியது. தம்பி எப்படியும் போயிருக்கலாம், எத்தனையோ பிள்ளைகள் போனார்கள். ஆனால் பிழைத்திருக்கவும் கூடும். அந்த 'கூடும்' இருக்கிறதே, அது என்னை இன்றைக்கும் விடவில்லை.

லீவில் ஊருக்கு வந்தபோது அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்.

"உங்க ஆஸ்பத்திரில பேதியாவற புள்ளைக்கு எண்ண குடுப்பீங்களா?"

"இல்லம்மா."

அவள் கை நிற்கவில்லை. கல்லைப் பொறுக்கி வாசல் பக்கம் எறிந்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "அன்னிக்கே தெரியும். அப்பாகிட்ட இதப் பேசாத."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "ஊரே உன்னக் கொலகாரி மாதிரி பாத்துதேம்மா! கொட்டயால இல்லன்னு ஏன் சொல்லல?"

"கொட்டயால இல்லன்னா, பின்ன எதாலன்னு கேப்பாங்க இல்ல?" என்றாள். "அவரு கை அது. அந்தக் கையாலதான் தெனம் சோறு திங்கணும்."

அப்போதுதான் எல்லாம் எனக்கு விளங்கியது. பசித்தவளிடம்கூட 'வேணாம்டி' என்று ஏன் சொன்னாள் என்பதும் விளங்கியது. நல்ல சாப்பாட்டை விஷம் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தால்தான் அப்பாவின் கை சுத்தமாக இருக்கும். அவளுக்காக நான் அழுதேன். ஆனால் அவள் செய்தது சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தத் தெருப் பிள்ளைகள் எத்தனை கோடை பட்டினி கிடந்தார்கள்! இந்த வயதிலும் இதில் எனக்கு ஒரு முடிவு வரவில்லை. உங்களுக்கு வந்தால் சொல்லுங்கள்.

ஷாப்பு திறந்தது, அப்பா தொட்டிக்குத் திரும்பினார், வருஷங்கள் ஓடின. நெஞ்சுச் சளியில் விழுந்து, இனி எழுந்திருக்கமாட்டார் என்று ஆன பிறகு ஒரு பகல் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். அவர் கை மட்டும் அப்போதும் பழுப்பாகவே இருந்தது.

"நீ படிச்சவ. உன்ன ஒண்ணு கேக்கணும். புள்ளைக்கு அன்னிக்கு நான் எண்ண குடுத்தேனே. அது… தப்பு இல்லியே?"

எத்தனை வருஷமாக அந்தக் கேள்வியை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாரோ. நான் வாயைத் திறந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

"எண்ண இன்னா மாமா பண்ணும்? நான் குடுத்த கொட்டதான். நீ எண்ண ஊத்தி இளக்கினதாலதான் இன்னும் ஒரு நாள் என் மடில இருந்தான்."

அப்பா கண்ணை மூடினார். முகத்தில் இறுக்கம் போய்விட்டது. ரொம்ப நேரம் கழித்து அம்மாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"போனா போவுது. உன் மேல எனக்குக் கோவம் இல்ல."

"சரி மாமா," என்றாள் அம்மா.

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அங்கே உட்கார என்னால் ஆகவில்லை.

அவர் போன பிறகு வந்த கோடையில் நான் லீவில் வீட்டுக்குப் போனேன். தெருமுனையிலேயே ஒரு வாசனை. ஓடு எரிகிற வாசனை, கொஞ்சம் மாம்பூ கலந்தது. வீட்டு வாசலில் அம்மா உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது, தட்டு மட்டும் தவறவில்லை. பானைகளில் பருப்பு ஊறியது. பக்கத்து வீட்டு அத்தை தன் வாசலில் நின்று பேய் அறைந்த மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒன்றும் சொல்லவில்லை. அவள் அப்படிச் சொல்லத் தெரிந்தவள் இல்லை. களியைக் கிண்டி இறக்கி, வாசலுக்குக் கொண்டு வந்து, எல்லோரும் பார்க்கிற இடத்தில் தட்டில் போட்டாள். ஒரு உருண்டையை எனக்கு உருட்டிக் கொடுத்தாள். சாம்பல் நிறம். ருசி என்று ஒன்றும் இல்லை. நாக்கில் கரைந்தது, கொஞ்சமும் கட்டவில்லை.

"எப்படி இருக்குது?" என்றாள்.

"நல்லா இருக்குதும்மா. துவர்ப்பே இல்ல."

"அவனுக்கும் இப்படித்தான் கிண்டினேன்," என்றாள். "இதேதான்."

பிறகு தனக்கு ஒரு உருண்டை எடுத்தாள். வாய்க்குக் கொண்டு போகவில்லை. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, யாரோ முந்தானையைப் பிடித்து இழுத்ததுபோல் பக்கத்தில் குனிந்து, மெதுவாக, "பதோம்" என்றாள்.